மேடை போட்டே சொல்லலாம்



சாமியார்களின் 'அற்புதங்களை' ஊர் ஊராகச் செய்துகாட்டி விளக்கிய போத்தனூர் பி. பிரேமானந்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த சிறு கட்டுரைக்கு நீங்கள் எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். அவற்றில் இரண்டுக்கு இந்தப் பக்கத்திலேயே பதில் சொல்லியாக வேண்டும்.

முதல் கடிதம் புதுச்சேரி பெரிய காலாப்பட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியது. அவருடைய அக்கா ஒரு குருஜியின் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தபோது வீட்டில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் வெள்ளிக்கிழமை சத்சங்கம். அடுத்து மூன்று நாள் முகாம். அப்புறம் சீட்டு எடுத்த பணம் காணிக்கையாகப் போனது. தாலிக்கொடி தவிர மற்ற நகையெல்லாம் அடகுக் கடைக்குப் போயின. இப்போது அந்த அக்கா தம்பி மகளின் மஞ்சள் நீராட்டுக்குக்கூட வரவில்லை. கூட்டத்தில் சேராதவர்கள் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று உத்தரவாம். "நம்மூருக்கு யாராவது வந்து இதைப் பற்றி மேடை போட்டுப் பேசினால் என்ன? எங்கள் வீட்டில் நடந்ததை நானே எழுந்து சொல்கிறேன்" என்று முடித்திருக்கிறார்.

இரண்டாவது கடிதம் லாஸ்பேட்டையிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியது. "அவரவர் நம்பிக்கை அவரவருக்கு. ஒரு கூட்டத்தாரைக் குறிவைத்து இன்னொரு கூட்டம் போட்டால் ஊர் இரண்டுபடும். பத்திரிகைக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்கிறார்.

ஐயாவின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஊர் இரண்டுபடுவதை யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் அந்தச் சகோதரியின் வீடு ஏற்கெனவே இரண்டுபட்டுவிட்டது. அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எச்சரிக்கைக் கூட்டம் வேண்டும் என்பதே என் கருத்து. அதை எப்படி நடத்துவது என்பதில்தான் நாம் யோசிக்க நிறைய இருக்கிறது.

நமக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவர்களிடமிருந்து தொடங்குகிறேன். ஆபிரகாம் கோவூர் 1898இல் திருவல்லாவில் பிறந்தவர்; தந்தை மார்த்தோமா சபையின் பாதிரியார். 1928இல் யாழ்ப்பாணம் மத்தியக் கல்லூரிக்குத் தாவரவியல் ஆசிரியராகப் போனவர், பிறகு இலங்கையிலேயே தங்கிவிட்டார். 1959இல் ஓய்வு பெற்ற பிறகுதான் அவருடைய பெரிய வேலையே தொடங்கியது. ஏமாற்ற இடம் தராத நிபந்தனைகளுக்கு உட்பட்டு அற்புத சக்தியை நிரூபித்துக் காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் இலங்கை ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் எண்ணைச் சொல்ல வேண்டும் என்பது போன்ற எளிய சோதனைகள்தான். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. இந்தியாவில் ஊர் ஊராக வந்து பேசினார். அவருடைய அனுபவக் குறிப்பிலிருந்து மலையாளத்தில் வந்த 'புனர்ஜன்மம்' படமே தமிழில் 1973இல் 'மறுபிறவி' ஆனது. மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

கோவூரிடம் எனக்குப் பிடித்தது அந்தப் பந்தயம் இல்லை. கூரையில் கல் விழுகிறது, துணி தானாகத் தீப்பிடிக்கிறது என்று பயந்துபோய்க் கூப்பிட்ட வீடுகளுக்கு அவர் போவார். வீட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுவார். பெரும்பாலும் அந்த வீட்டிலேயே யாரிடமும் சொல்ல முடியாத துக்கத்தோடு இருக்கும் ஒரு சின்ன வயதுப் பெண்ணோ பையனோதான் அதைச் செய்திருப்பார்கள். அவர்களைக் காட்டிக்கொடுத்து அவமானப்படுத்தாமல் மனச் சிகிச்சை கொடுத்துச் சரிசெய்வார். பேயை விரட்ட வந்தவர் அந்த வீட்டுப் பிள்ளையின் குறையை உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார்.

அவருக்குப் பிறகு அந்தப் பந்தயத்தை இந்தியாவில் எடுத்து நடத்தியவர் பிரேமானந்த். 1930இல் கோழிக்கோட்டில் பிறந்து, கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் வாழ்ந்து, 2009 அக்டோபர் 4 அன்று அங்கேயே மறைந்தார். பள்ளிக்கூடம், சந்தை, கல்லூரி என்று இடம் பார்க்காமல் போய்ச் செய்துகாட்டுவார். சென்ற இதழில் இடம் இல்லாமல் விட்டுப்போன ஒன்றை இங்கே சொல்கிறேன். வெறும் கையில் விபூதி வரவழைப்பது எப்படி? விபூதியைக் கஞ்சித் தண்ணீரில் பிசைந்து சிறு மாத்திரையாக உருட்டிக் காயவைத்துக்கொள்வார்கள். அந்த மாத்திரை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள மடிப்பில் ஒளிந்திருக்கும். உள்ளங்கை கீழே பார்த்திருக்கும்வரை எதிரே இருப்பவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கையை வட்டமாகச் சுற்றும்போது மாத்திரை விரல் நுனிக்கு வந்துவிடும். நசுக்கினால் பொடியாகக் கொட்டும். எலுமிச்சம்பழத்தை அறுத்து ரத்தம் காட்டுவதற்குக் கத்தியில் செம்பருத்திப் பூவைத் தேய்த்து வைத்திருந்தால் போதும். பழத்தின் புளிப்பு பட்டதும் சிவந்துவிடும். தீக்குச்சி இல்லாமல் ஓம குண்டம் எரிவதற்கு உள்ளே பொட்டாசியம் பெர்மாங்கனேட் இருக்கும்; மேலே ஊற்றும் 'நெய்' கிளிசரின். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஆரத்தி சிவப்பதை நம் வீட்டுப் பெண்கள் தினமும் பார்க்கிறார்கள். அவர்களுக்கு இதைப் புரியவைக்க ஐந்து நிமிடம் போதும்.

1986இல் அவர் ஒரு வழக்கும் போட்டார். அப்போது தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. காற்றிலிருந்து தங்கச் சங்கிலி வரவழைக்கிறேன் என்றால் அனுமதியில்லாமல் தங்கம் உற்பத்தி செய்ததாகத்தானே அர்த்தம் என்று புட்டபர்த்தி சத்ய சாய்பாபா மீது வழக்குத் தொடுத்தார். வழக்கு தள்ளுபடியானது. ஆனால் நாடு முழுக்க அந்தக் கேள்வி பேசப்பட்டது. பத்து வருஷத்துக்கு முன்பே, 1976இல், பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் எச். நரசிம்மையா அற்புதங்களை ஆராய ஒரு குழு அமைத்து, சோதனைக்கு வரச்சொல்லி அதே பாபாவுக்குக் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. ஒரு துணைவேந்தருக்கு அந்தத் துணிச்சல் இருந்த காலம் அது.

விபூதி கொட்டினால் கொட்டட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு விராலிமலைப் பக்கம் ஃபாத்திமா நகர் ஆசிரமத்தை நினைவுபடுத்துகிறேன். (பெயர் ஒற்றுமையில் குழம்பிவிட வேண்டாம், இவர் வேறு ஆள், சாமியார் பிரேமானந்தா.) இலங்கை மாத்தளையிலிருந்து 1980களில் திருச்சிக்கு வந்தவர். கையில் விபூதி, சிவராத்திரிக்கு வாயிலிருந்து லிங்கம் என்று பெயர் பரவியது. அங்கே வளர்ந்த பிள்ளைகளில் பலர் போரில் பெற்றோரை இழந்து இலங்கையிலிருந்து வந்தவர்கள். போக வேறு இடம் இல்லாதவர்கள். 1994இல் அங்கிருந்து தப்பி வந்த பெண்கள் வாய் திறந்த பிறகே உள்ளே நடந்தது வெளியே தெரிந்தது. 13 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தது, ஆசிரமத்தில் இருந்த ரவி என்ற இளைஞரைக் கொன்றது ஆகிய குற்றங்களுக்காகப் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம் 1997 ஆகஸ்டில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. தீர்ப்பு எழுதிய நீதிபதி ஆர். பானுமதி பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்கே நீதிபதியாகப் போனார். உயர் நீதிமன்றமும் 2005இல் உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதிசெய்தன. 2011இல் அவர் கைதியாகவே இறந்தார்.

அந்த ஆசிரமத்துக்கு வந்துபோன பக்தர்கள் கெட்டவர்கள் இல்லை. படித்தவர்கள், பதவியில் இருந்தவர்கள், வெளிநாட்டவர்கள் எல்லாரும் இருந்தார்கள். கையிலிருந்து விபூதி கொட்டுவதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அந்தக் கைக்காரர் தப்பு செய்வார் என்று நினைக்கவே தோன்றவில்லை. அந்தச் சின்ன வித்தைதான் அத்தனை வருஷம் கதவைச் சாத்தி வைத்திருந்தது. கஞ்சியில் பிசைந்த மாத்திரையைப் பள்ளிக்கூடத்தில் காட்டுவதை நான் வேடிக்கை நிகழ்ச்சியாக நினைக்காததற்குக் காரணம் இதுதான்.

சரி, கூட்டத்தில் என்ன பேசுவது? லாஸ்பேட்டை ஐயா பயப்படுவது இந்த இடத்தில்தான். அதில் நியாயமும் இருக்கிறது. பிரான்ஸில் நடந்ததைப் பாருங்கள். அங்கே உறவுள்ள வீடுகள் நம்மூரில் ஏராளம் என்பதால் சொல்கிறேன். 1974இல் ரென் நகரத்தில், மகனை ஒரு மதக் குழுவிடம் பறிகொடுத்த ஒரு தம்பதி, தங்களைப் போன்ற குடும்பங்களுக்காக ஆத்ஃபி என்ற சங்கத்தை ஆரம்பித்தார்கள். 1994, 95இல் 'சூரியக் கோயில்' என்ற குழுவைச் சேர்ந்தவர்கள் சுவிட்சர்லாந்திலும் பிரான்ஸிலும் கூட்டமாகச் செத்துக்கிடந்தபோது நாடே அதிர்ந்தது. உடனே நாடாளுமன்றக் குழு ஒன்று 170க்கும் மேற்பட்ட அமைப்புகளின் பெயரைப் பட்டியல் போட்டு வெளியிட்டது. அது பெரிய சிக்கலாகிவிட்டது. பட்டியலில் பெயர் வந்த எல்லாருமே ஆபத்தானவர்கள் என்றாகிவிட்டது. பெயர் வராதவர்கள் நல்லவர்களாகிவிட்டார்கள். 2005இல் பிரதமர் ரஃபரானே அந்தப் பட்டியலை நம்பி நடக்க வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்ப வேண்டியதாயிற்று. அதன்பிறகு அங்கே யார் என்ன கும்பிடுகிறார்கள் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, யார் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினார்கள்.

நம் மேடைக்கும் இதுவே போதும். சாமியைப் பற்றிப் பேச வேண்டாம், வேதத்தைப் பற்றிப் பேச வேண்டாம். கணக்குக் காட்டாமல் பணம் வாங்குகிறார்களா? பெற்றோரோடும் கூடப்பிறந்தவர்களோடும் பேசக் கூடாது என்கிறார்களா? சர்க்கரைக்கும் வலிப்புக்கும் சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்களா? பிள்ளைகளைத் தனியறைக்குக் கூப்பிடுகிறார்களா? விலகிப் போகிறவரைச் சாபம் வரும் என்று மிரட்டுகிறார்களா? எந்த மதத்தில் இருந்தாலும், எந்த மதமும் இல்லை என்று சொல்லிக்கொள்ளும் 'வாழ்க்கைப் பயிற்சி' கூட்டமாக இருந்தாலும், இவைதான் கேள்விகள். ஒரே ஒரு மதத்தாரை மட்டும் பொறுக்கி எடுத்துப் பேசும் பேச்சாளரை நான் கூப்பிட மாட்டேன். நீங்களும் கூப்பிடாதீர்கள்.

சட்டமும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு மத சுதந்திரத்தைக் கொடுக்கும்போதே பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டுத்தான் கொடுக்கிறது. அறிவியல் மனப்பான்மையையும் கேள்வி கேட்கும் உணர்வையும் வளர்ப்பது குடிமக்கள் ஒவ்வொருவரின் கடமை என்கிறது 51ஏ பிரிவு. அதே சமயம், வேண்டுமென்றே தீய நோக்கத்தோடு மத உணர்வைப் புண்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா 299இன் கீழ் வழக்கு வரும். ஆதாரமில்லாமல் ஒருவர் மீது பழி சொன்னால் 356இன் கீழ் அவதூறு வழக்கு வரும். ஆகவே மேடையில் பெயர் சொல்வதானால் நீதிமன்றத் தீர்ப்பு, முதல் தகவல் அறிக்கை, கையில் உள்ள ரசீது இவற்றை வைத்துக்கொண்டு சொல்லுங்கள். கேள்விப்பட்டது, வாட்ஸ்அப்பில் வந்தது எதுவும் வேண்டாம். ஒரு பொய் கலந்தால் அதற்கு முன்னால் சொன்ன பத்து உண்மையும் அதோடு போய்விடும்.

இன்னொன்று. நம் பக்கத்துச் செடல் திருவிழாவையும் தீமிதியையும் கேலி செய்து பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சாம்பல் பூத்த தணல் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், கால் ஒரு நொடிகூட ஓரிடத்தில் நிற்பதில்லை, அதனால் பெரும்பாலும் சுடுவதில்லை என்ற அறிவியலைச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார்கள். ஆனால் திரௌபதி அம்மனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணி கட்டித் தீ மிதிக்கிற அம்மாள் யாரையும் ஏமாற்றவில்லை. யார் வீட்டு நகையையும் வாங்கவில்லை. அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த நிமிடம் மோசடிச் சாமியாரைப் பற்றிப் பேசினால் கூட்டம் எழுந்து போய்விடும். போவதும் நியாயமே.

சிரிக்கிற பேச்சால் இன்னும் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. கூட்டத்தில் மாட்டிக்கொண்டவர்கள் முட்டாள்கள் என்று மேடையில் சொன்னால், அந்தச் சகோதரியின் அக்கா இனி வீடு திரும்ப வெட்கப்படுவார். திரும்பி வருவதற்கு அவர் தன் நகையை மட்டுமல்ல, தன் பெருமையையும் இழந்து வர வேண்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த கரை நம்முடையது. இழவு விழுந்த வீட்டில், கடன் ஏறிய வீட்டில், பிள்ளை இல்லாத வீட்டில் யார் முதலில் வந்து ஆறுதலாக உட்கார்கிறார்களோ அவர்கள் பின்னால் மனசு போவது இயற்கை. அப்போது நாம் போகவில்லை, அவர்கள் போனார்கள்.

ஆபத்து இல்லாத வேலை என்றும் சொல்ல மாட்டேன். மருத்துவர் நரேந்திர தபோல்கர் மகாராஷ்டிரத்தில் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கடவுளை எதிர்க்கவில்லை, கடவுள் பெயரால் நடக்கும் சுரண்டலைத்தான் எதிர்க்கிறோம் என்பதே அவருடைய நிலை. 2013 ஆகஸ்ட் 20 காலை, புனேயில் நடைப்பயிற்சிக்குப் போனவரைச் சுட்டுக் கொன்றார்கள். மூடநம்பிக்கைச் சுரண்டலுக்கு எதிராக அவர் பல வருஷம் கேட்டுக் கிடைக்காத சட்டம் நான்கே நாளில் அவசரச் சட்டமாக வந்தது. சுட்டவர்கள் இரண்டு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைக்க 2024 மே மாதம் ஆயிற்று. கர்நாடகத்திலும் 2017இல் அப்படியொரு சட்டம் வந்தது. தமிழ்நாட்டிலோ புதுச்சேரியிலோ இன்னும் தனிச் சட்டம் இல்லை. நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் இதைக் கேட்க வேண்டும்.

நாம் பேசாவிட்டால் மேடை சும்மா இருக்குமா? 2024 ஆகஸ்டில் சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் பள்ளியில் ஓர் ஆன்மிகப் பேச்சாளர், போன ஜென்மத்துப் பாவத்தால்தான் உடல் குறையோடு பிறக்கிறார்கள் என்ற பொருளில் மாணவிகளிடம் பேசினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து மறுத்தார். அந்தக் காட்சி வெளியே வந்து, பேச்சாளர் கைதானார். அத்தனை பேர் இருந்த இடத்தில் ஒருவர் எழுந்து நின்றார். அவருக்கு என் வணக்கம்.

இந்தப் பேச்சு புதுச்சேரிக்குப் புதிதும் இல்லை. 1930இலேயே 'புதுவை முரசு' இதழ் இங்கிருந்து சுயமரியாதைக் கருத்துகளைச் சொன்னது. புதுவை அறிவியல் இயக்கத்தார் அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில் தெருத் தெருவாகப் போய் எழுத்து கற்றுக்கொடுத்தார்கள். காலாப்பட்டுக்கு உள்ள வசதி வேறு எந்த ஊருக்கும் இல்லை என்பேன். சட்டக் கல்லூரி இங்கே இருக்கிறது. 299ஐயும் 356ஐயும் விளக்க ஒரு மாணவர் வந்தால் போதும். மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பக்கத்திலேயே மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஒரு மருத்துவரே சொல்லலாம். சமுதாய நலக்கூடம், மாலை ஆறு மணி, ஊர்ப் பஞ்சாயத்தாரின் ஒப்புதல், முன்வரிசையில் பெண்கள். விடியலில் கடலுக்குப் போகிறவர்கள் எட்டு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும், அதனால் பேச்சு நீள வேண்டாம். செய்துகாட்டல் முதலில், பாதிக்கப்பட்ட குடும்பத்தின் பேச்சு அடுத்து, கேள்விகள் கடைசியில். அந்த குருஜியின் பக்தர்கள் வந்தால் நாற்காலி போட்டு உட்காரவைத்து அவர்கள் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். லாஸ்பேட்டை ஐயா தலைமை தாங்க ஒப்புக்கொண்டால் எனக்கு அதைவிட மகிழ்ச்சி இல்லை. அவரைப் போன்ற ஒருவர் நடுவில் இருந்தால் பேச்சு வரம்பு மீறாது.

பெரிய காலாப்பட்டுச் சகோதரிக்கு ஒரு வார்த்தை. அம்மா, நீங்கள் மேடையில் பேசுவதற்கு முன்னால் அக்காவிடம் ஒரு முறை போய்வாருங்கள். குருஜியைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வாருங்கள். அடகுச் சீட்டுகள் உங்கள் கைக்கு வந்தால் பத்திரமாக வையுங்கள்.

வாசகர்களே, உங்கள் ஊரில் இப்படியொரு கூட்டம் நடத்த நினைத்தால் இதழ் முகவரிக்கு எழுதுங்கள். செய்துகாட்டத் தெரிந்தவர்களோடு தொடர்புபடுத்தி வைக்கிறோம். உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுவதானாலும் எழுதுங்கள். பெயரும் ஊரும் வெளிவராது. விஷயம் குழந்தைகளைப் பற்றியது என்றால் எங்களுக்கு எழுதிக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். உடனே 1098ஐக் கூப்பிடுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

அன்புடன்,
ஆசிரியர்